ஏட்டுக் கணக்கும் ஏரிக் கணக்கும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். பள்ளிக்கூடத்துக் கணக்குப் புத்தகத்தைப் புரட்டும்போதெல்லாம் இப்பழமொழி நம் நினைவுக்கு வருகிறது. ‘ஐந்து படகுகள் ஒரு நாளில் 100 கிலோ இறால் பிடித்தால், இருபது படகுகள் ஒரு நாளில் எத்தனை கிலோ பிடிக்கும்?’ என்ற வகைக் கணக்குகளை நாம் எல்லோரும் செய்து பழகியிருக்கிறோம். படகு நான்கு மடங்கு. ஆகவே இறாலும் நான்கு மடங்கு. விடை 400 கிலோ. ஆசிரியரும் ‘சரி’ என்று குறியிட்டு மதிப்பெண் வழங்கிவிடுவார்.

இதே கணக்கைப் பழவேற்காட்டு ஏரிக்கரையில் வலையை உலர்த்திக்கொண்டிருக்கும் முதியவர் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் விடை சொல்லமாட்டார். நம்மைத் திருப்பிக் கேட்பார். எந்தத் துறையில்? அமாவாசைக்கு எத்தனையாம் நாள்? முகத்துவாரம் திறந்திருக்கிறதா, மண் மூடிக் கிடக்கிறதா? அந்த இருபது படகுக்கும் அங்கே இடம் உண்டா? இவற்றுக்கு விடை தெரியாமல் 400 கிலோ என்று சொல்பவரை அவர் கணக்கு அறிந்தவராக ஏற்கமாட்டார். அவருடைய பேரனோ, இந்தக் கேள்விகளை வகுப்பில் எழுப்பினால் மந்தபுத்தி என்று பெயர் வாங்குவான். இவ்விருவருக்கும் இடையே விழுந்திருக்கும் பிளவு எப்படி உண்டாயிற்று என்பதையே இக்கட்டுரையில் ஆராய்வோம்.

பழவேற்காடு

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், திருவள்ளூர் மாவட்டத்தில், கடலுக்கும் ஏரிக்கும் நடுவே அமைந்த ஊர் பழவேற்காடு. ஒரிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் மிகப் பெரிய உவர்நீர் ஏரி இதுவே. இதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்திலும் தென்பகுதி தமிழகத்திலும் உள்ளன. தெற்கே ஆரணியாறும் வடக்கே காளங்கி, சொர்ணமுகி ஆறுகளும் நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்க, முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் ஏறி இறங்குகிறது. இந்த இரு நீரின் கலப்பிலேதான் இறாலும் நண்டும் மடவையும் வளர்கின்றன.

ஊரின் பழம்பெருமையை நம் வாசகர்கள் அறிவார்கள். ஒல்லாந்தர் 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுவாகவே இருந்தது. இங்கிருந்து கப்பலேறிய துணிகள் கிழக்கிந்தியத் தீவுகளில் நறுமணப் பொருள்களுக்கு மாற்றாயின. மரக்காயர்களின் கப்பல் வாணிகமும் இவ்வூருக்குப் புகழ் சேர்த்தது. சின்னப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் அறிவதற்கென அமைந்த நிழற்கடிகாரத்தை இன்றும் காணலாம். பனையோலையைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்துச் சாயமேற்றி, கூடையும் பெட்டியும் முடையும் கைத்தொழில் நம் பெண்மக்களால் இவ்வூரில் வளர்க்கப்பட்டது. ஓலையை எண்ணி எடுத்தால்தான் பெட்டியின் மூலை கூடும். ஆக, கணக்கு இவ்வூருக்குப் புதியதன்று. கப்பலிலும் தறியிலும் வலையிலும் ஓலையிலும் அது நெடுங்காலமாகக் குடியிருந்து வந்திருக்கிறது.

பாடு என்னும் ஏற்பாடு

ஏரியின் தென்பகுதியில், முகத்துவாரத்தை அடுத்து நீரோட்டம் மிகுந்த இடங்களில், கழி நட்டு வலை கட்டி இறால் பிடிப்பார்கள். இத்தகைய இடங்கள் சிலவே. பிடிக்க விரும்பும் குடும்பங்களோ பல. எல்லோரும் ஒரே நாளில் இறங்கினால் ஒருவர் வலைக்கு முன்னால் மற்றொருவர் வலை நின்று ஓட்டத்தை மறிக்கும். முன்வலைக்குக் கிடைப்பது பின்வலைக்குக் கிடைக்காது. இருபது படகும் சேர்ந்து ஐந்து படகின் மீனைப் பங்கிட்டுக்கொள்ளும் நிலையே உண்டாகும்; கூடவே சண்டையும் மிஞ்சும்.

இதைத் தவிர்ப்பதற்காக ஏற்பட்டதே ‘பாடு’ முறை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்ப் பட்டினவர்களிடையே இம்முறை வழங்கி வந்தது. ஊர்களுக்குள் முறை வைத்தும், ஊருக்குள் தலைக்கட்டுகளிடையே சீட்டுக் குலுக்கியும், இன்னார் இன்ன நாளில் இன்ன இடத்தில் வலை கட்டலாம் என்று வகுத்துக்கொண்டார்கள். ஐக்கிய நாடுகள் சபையின் உணவு, வேளாண்மை அமைப்பு 1991இல் வெளியிட்ட செபாஸ்டியன் மாத்யூவின் ஆய்வு, இப்பாட்டு முறையை உலக அறிஞர்களின் கவனத்துக்குக் கொண்டு சென்றது.

இங்கே ஒன்றை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். ‘படகு பெருகினால் மீனும் அதே அளவில் பெருகும்’ என்பது பாடப்புத்தகம் மறைவாக வைத்திருக்கும் நம்பிக்கை. ‘படகு பெருகினால் தலைக்கு மீன் குறையும்’ என்பது ஏரி கற்பித்த உண்மை. பாட்டு முறை முழுவதும் இந்த இரண்டாவது உண்மையின்மேல் கட்டப்பட்டது. பாடப்புத்தகத்தின் நேர்விகிதம் ஏரியில் செல்லுபடியாகுமானால், பாடு என்ற ஏற்பாட்டுக்கே தேவை இருந்திருக்காது.

இப்போது நாமே ஒரு கணக்கை அமைத்துப் பார்ப்போம். ஒரு துறையில் நாளொன்றுக்கு நான்கு படகுக்கு இடம். முறை கோரும் தலைக்கட்டுகள் அறுபது. ஒருவருக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை பாடு வரும்? அறுபதை நான்கால் வகுத்தால் பதினைந்து. பள்ளிக் கணக்கு இங்கே முடிந்துவிடுகிறது. ஏரிக் கணக்கு இங்கேதான் தொடங்குகிறது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் நீரோட்டம் வலுக்கும். பிறை எட்டையும் இருபத்திரண்டையும் ஒட்டிய நாட்களில் அது தளரும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் இடைவெளி ஏறத்தாழ 14¾ நாட்கள். சுற்று 15 நாட்களாக அமைந்துவிட்டால், முதலில் அமாவாசையன்று பாடு பெற்றவருக்கு அடுத்த பாடு பௌர்ணமியை ஒட்டியும், அதற்கடுத்தது மறுபடி அமாவாசையை ஒட்டியும் வரும். முதலில் பிறை எட்டில் பெற்றவரோ பல மாதங்களுக்குத் தளர்ந்த நீரையே கண்டுகொண்டிருப்பார். எண்ணிக்கையில் இருவருக்கும் சமம், கூடையில் சமமில்லை. சுற்று தோறும் சீட்டைப் புதிதாகக் குலுக்கினாலன்றி நியாயம் பிறக்காது. வகுத்தல், விகிதம், சந்திர மாதம், நிகழ்தகவு ஆகிய நான்கும் அடங்கிய இந்தக் கணக்கு, பொய்யான படகுக் கணக்கைவிட எவ்வளவு சுவையானது என்று எண்ணிப் பாருங்கள்!

இறால் விற்பனையிலும் ஒரு நுட்பம் உண்டு. ஏற்றுமதி வாணிகத்தில் இறாலின் அளவை ‘கவுண்ட்’ என்ற சொல்லால் குறிப்பார்கள். ஒரு கிலோவுக்கு எத்தனை இறால் நிற்கும் என்பதே அதன் பொருள். முப்பது கவுண்ட் இறால் பெரியது, விலை கூடியது. அறுபது கவுண்ட் இறால் சிறியது, விலை குறைந்தது. எண் ஏற ஏற விலை இறங்கும் இக்கணக்கைத் துறையில் வளரும் பிள்ளை ஒருவரும் சொல்லிக்கொடுக்காமலே அறிந்துகொள்கிறது. பள்ளியில் அதே பிள்ளை ‘எதிர்விகிதம்’ என்ற தலைப்பைக் கண்டு மருள்கிறது.

கணக்கு பிறந்த வீடு

வாழ்க்கைக்குப் பொருந்தாத கணக்கு என்பது கணக்கின் பிறவிக் குணம் அன்று. வரலாறு இதற்குச் சான்று.

ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பக்தாதில் கலீஃபா அல்-மஃமூன் ஆட்சியில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மீ, அல்ஜிப்ரா என்ற பெயருக்கே காரணமான தம் நூலை எழுதினார். மக்களுக்குப் பாகப்பிரிவினையிலும், மரண சாசனத்திலும், வாணிகத்திலும், நிலம் அளப்பதிலும், கால்வாய் வெட்டுவதிலும் நாள்தோறும் தேவைப்படும் கணக்கைத் தருவதே தம் நோக்கம் என்று அவர் முன்னுரையில் குறிப்பிடுகிறார். நூலின் பெரும்பகுதி பாகப்பிரிவினைக் கணக்குகளே.

அத்தகைய கணக்கின் அமைப்பைப் பாருங்கள். ஒருவர் மனைவி, ஒரு மகன், ஒரு மகள் ஆகியோரை விட்டு இறந்தார். மனைவிக்கு எட்டில் ஒன்று. எஞ்சியதில் மகனுக்கு இரு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. சொத்தை இருபத்து நான்காக்கினால் மனைவிக்கு 3, மகனுக்கு 14, மகளுக்கு 7. எண் பிசகாமல் பொருந்துகிறது. ஆனால் பங்கிடும் முன்பே அடக்கச் செலவு, கடன், சாசனம் ஆகியவற்றைக் கழித்தாக வேண்டும் என்பது விதி. இறந்தவர் விட்டுச் சென்றது ஒரு படகாக இருந்தால் அதை இருபத்து நான்கு துண்டாக அறுக்கவும் முடியாது. விலை மதிக்க வேண்டும். ஒருவர் படகை எடுத்துக்கொண்டு மற்றவர்க்குப் பணம் தர வேண்டும். எதை முதலில் கழிப்பது, எதைப் பிறகு வகுப்பது என்று அறிவதே இங்கே பாதிக் கணக்கு.

இத்தாலியின் பீசா நகரத்து லியொனார்டோவும் அரபு வணிகரிடமே இக்கலையைக் கற்றார். இன்றைய அல்ஜீரியாவில் உள்ள புஜையா துறைமுகத்துச் சுங்கச் சாவடியில் அவருடைய தந்தை பணிபுரிந்தார். மகன் 1202இல் எழுதிய நூலே இந்திய-அரபு எண்களை ஐரோப்பிய வணிகரிடையே பரப்பியது. நாணய மாற்று, கூட்டு வாணிகம், பண்டமாற்று என்று அதில் நிறைந்திருப்பவை கடைத்தெருக் கணக்குகள். எனினும் புகழ் பெற்றதென்னவோ அதிலுள்ள முயல் கணக்குத்தான். மாதம் தோறும் ஒரு சோடி ஈனும் அந்த முயல்களுள் ஒன்றுகூட இறப்பதில்லை! எண்களின் அழகுக்காக உலகை ஒதுக்கி வைக்கும் வழக்கமும் அன்றே இருந்தது என்பதை நாம் மறைக்கலாகாது.

தமிழகத்திலும் இவ்விரண்டும் இருந்தன. காரிநாயனாரின் கணக்கதிகாரம் நிலம், நெல், பொன், கால அளவை ஆகியவற்றின் கணக்கைச் செய்யுளில் தந்தது. பலாப்பழத்தை அறுக்காமலே, காம்பைச் சுற்றிய முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்துச் சுளையின் எண்ணிக்கையைச் சொல்லும் வேடிக்கையும் அதில் உண்டு. திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் எழுதி, எண்சுவடியை உரக்கச் சொல்லிப் பாடம் செய்தார்கள். முந்திரி, காணி, மா, வீசம் என்ற பின்னங்களும், படி, மரக்கால், கலம் என்ற அளவைகளும், நிலத்தின் பரப்பறியும் குழிமாற்றும் அவர்கள் நாவில் ஊறின. அன்றைய சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்ததாக ஆளுநர் தாமஸ் மன்றோ 1826இல் பதிவு செய்தார். இக்கணக்குக் கல்வி ஊரின் தொழிலோடும் அளவைகளோடும் பின்னிக் கிடந்ததை ஆய்வாளர் செந்தில்பாபு 2022இல் வெளியான தம் நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அப்பள்ளிகளில் எல்லாச் சாதியாருக்கும் இடமில்லை. பெண்பிள்ளைகளோ மிகச் சிலரே. ஆயினும் கற்ற பிள்ளை மாலையில் வீடு திரும்பும்போது, காலையில் கற்ற பின்னத்தைச் சந்தையிலும் களத்திலும் காதால் கேட்டது.

அறுந்த இழை

ஆங்கில அரசின் பள்ளிகளும் அச்சிட்ட பாடநூல்களும் தேர்வுகளும் பெருகியபோது இவ்விழை அறுந்தது. ஓர் ஊருக்காக எழுதப்படாமல் மாகாணம் முழுமைக்கும் எழுதப்படும் நூல், எந்த ஊரின் துறையையும் மரக்காலையும் அறிந்திருக்க முடியாது. ஆகவே படகு என்றால் எங்கோ ஒரு படகு, ஆள் என்றால் யாரோ ஓர் ஆள் என்றாயிற்று. குழாய் நிரப்பும் தொட்டிகளும், ஆறு பேர் பத்து நாளில் கட்டும் சுவர்களும் புகுந்தன. விடுதலைக்குப் பின் 1957 ஏப்ரலில் நயாபைசாவும், 1958 முதல் மெட்ரிக் எடைகளும் நடைமுறைக்கு வந்தன. நாடு முழுவதற்கும் ஓர் அளவை என்பது நன்மையே. ஆனால் வீட்டில் வழங்கிய வீசமும் மாகாணியும் பள்ளியில் மதிப்பிழந்தன. பாட்டனின் கணக்குப் பேரனுக்குப் பயன்படாது என்ற எண்ணமும் அதோடு வேரூன்றியது.

தேர்வின் தேவை மற்றொரு கேட்டை விளைத்தது. கணக்குக்கு ஒரே விடை இருக்க வேண்டும். வேண்டிய எண்கள் யாவும் கேள்விக்குள்ளேயே இருக்க வேண்டும். வேண்டாத எண் ஒன்றும் இருக்கலாகாது. வாழ்க்கையில் இவற்றுள் ஒன்றும் நடப்பதில்லை. எனவே மாணவன் கதையைப் படிப்பதை விட்டு, எண்களைப் பொறுக்கி எடுத்துக் கூட்டவோ பெருக்கவோ கற்றுக்கொண்டான்.

இதன் விளைவை உலகெங்கும் கண்டிருக்கிறார்கள். பிரான்சின் கிரெனோபிள் நகரத்து ஆய்வாளர்கள் 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் சிறுவர்களிடம் இப்படிக் கேட்டார்கள்: ‘ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் உள்ளன. கப்பல் தலைவனின் வயது என்ன?’ 97 பேரில் 76 பேர் அந்த எண்களைக் கொண்டே வயதைக் கணக்கிட்டுச் சொல்லிவிட்டார்கள்! அமெரிக்காவில் பதின்மூன்று வயது மாணவர்களுக்கு வைத்த தேர்வின் முடிவு 1983இல் வெளியாயிற்று. ஒரு பேருந்துக்கு 36 வீரர் வீதம் 1,128 வீரர்களை ஏற்றிச்செல்ல எத்தனை பேருந்து வேண்டும் என்பது கேள்வி. சரியாக வகுத்தவர்களே பெரும்பாலோர்; ஆனால் ‘31 பேருந்து, மீதி 12’ என்று எழுதியவர்கள் நூற்றுக்கு 29 பேர். அந்தப் பன்னிரண்டு வீரர்களும் தெருவில் நிற்பதைப் பற்றி அவர்களுக்குக் கவலையில்லை. 32 என்று எழுதியவர்கள் நான்கில் ஒருவருக்கும் குறைவு.

தெருவில் கற்றவர்கள்

மறுபக்கத்தையும் பார்ப்போம். பிரேசில் நாட்டின் ரெசிஃபி நகரில் தெருவில் தேங்காயும் பழமும் விற்ற சிறுவர்களை ஆய்வாளர் மூவர் சோதித்தார்கள். 1985இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, கடையில் வாடிக்கையாளராக நின்று கேட்டபோது நூற்றுக்கு 98 விடைகள் சரியாக இருந்தன. அவற்றையொத்த கணக்குகளைக் கதையோடு சேர்த்துத் தேர்வாகக் கேட்டபோது 74. வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது 37. அந்நாட்டு மீனவர்களிடமும் அவர்கள் ஆய்வு செய்தார்கள். பள்ளிப் படிப்புக் குறைந்த அம்மீனவர்கள், தங்கள் தொழிலில் வழக்கமாகச் செய்யாத தலைகீழான விகிதக் கணக்கையும் தீர்த்தார்கள். மனப்பாடத்தால் மட்டும் வந்ததன்று அவர்கள் அறிவு என்பதற்கு இது சான்று.

நம் நாட்டில் கல்கத்தாவிலும் டில்லியிலும் சந்தையில் வேலை செய்யும் 1,436 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு 2025இல் வெளியாயிற்று. நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ ஆகியோர் பங்கேற்ற ஆய்வு அது. சந்தைப் பிள்ளைகள் விற்பனைக் கணக்கை மனத்தாலேயே சரியாகச் செய்தார்கள். அதைவிட எளிய கணக்கைப் பள்ளி வடிவில் எழுதிக் கொடுத்தால் திணறினார்கள். பக்கத்துப் பள்ளி மாணவர்களின் நிலை இதற்கு நேர்மாறு. சந்தைப் பிள்ளைகளில் மூன்றில் ஒருவருக்கு மேல் தீர்த்த ஒரு கணக்கை, பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஒருவரே தீர்த்தார். ஆக, தெருவில் கற்றது பள்ளிக்கு வரவில்லை. பள்ளியில் கற்றது தெருவுக்குப் போகவில்லை. இரு சாராரும் பாதியையே பெற்றிருக்கிறார்கள்.

இரு கணக்கும் வேண்டும்

இதனால் ஏட்டுக் கணக்கை எறிந்துவிடலாம் என்று நாம் சொல்லவில்லை. துறையில் கற்ற கணக்கு மட்டும் உள்ள பிள்ளை, கடன் பத்திரத்தின் கூட்டுவட்டியைப் படித்தறிய முடியாமல் ஏமாறும். கூட்டுறவுச் சங்கத்தின் வரவு செலவைத் தணிக்கை செய்ய அதற்கு இயலாது. ஏரிக்கு அக்கரையில், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 1980இல் ரோகிணி செயற்கைக்கோளை ஏற்றிய கணக்கு, எந்தத் துறையையும் எந்தப் படகையும் சாராத கணக்கு. அந்த வாயில் நம் குப்பத்துப் பிள்ளைகளுக்கும் திறக்க வேண்டும்.

பாட்டு முறையையும் குறையற்றதென்று போற்றிவிட வேண்டாம். சீட்டுக் குலுக்குவதற்கு முன்னால், ‘யார் யார் தலைக்கட்டு?’ என்ற கேள்வி நிற்கிறது. மூன்று ஊரின் ஒரு சமூகத்து ஆடவர் மட்டுமே அந்த எண்ணிக்கையில் அடங்கினர். சேற்றில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளரும், ஏரியைச் சுற்றியுள்ள பிற ஊர்களின் மீனவரும் அதற்குப் புறத்தே நின்றார்கள். அதனால் பூசல்களும் எழுந்தன. வகுபடும் எண் எதுவென்று தீர்மானிப்பது கணக்கு மட்டுமன்று, நீதியும் ஆகும். வாழ்க்கைக் கணக்கு இதை மறைப்பதில்லை. ஏட்டுக் கணக்கோ ‘அறுபது பேர்’ என்று எழுதிவிட்டு, அந்த அறுபது பேர் யார் என்று கேட்க இடமே வைப்பதில்லை.

2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டம் பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்வோடு கல்வியை இணைப்பதைத் தன் முதற்கொள்கைகளுள் ஒன்றாகக் கொண்டது. கொள்கை நன்று. அது நிறைவேற, கணக்கில் வரும் பெயர்களை மட்டும் மாற்றி, ஆப்பிளுக்குப் பதில் இறால் என்று எழுதினால் போதாது. திருப்பிக் கேள்வி கேட்கும் உரிமையை மாணவனுக்குக் கொடுக்க வேண்டும். ‘இந்தக் கணக்குக்கு விடை சொல்ல இன்னும் என்ன தெரிய வேண்டும்?’ என்ற வினாவுக்கும் மதிப்பெண் இருக்க வேண்டும்.

பள்ளிக்கூடம் செய்யும்வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. வீட்டில் பாகப்பிரிவினை பேசும்போதும், கடையில் இருப்புக் கணக்கு எடுக்கும்போதும், ஓலைப்பெட்டிக்குக் கீற்று எண்ணும்போதும் பிள்ளைகளைப் பக்கத்தில் அமர்த்திக்கொள்ளலாம். முதலில் எதைக் கழிப்பது, எதை வகுப்பது, மீதி வந்தால் அதை யாருக்குக் கொடுப்பது என்று அவர்களையே சொல்லச் சொல்லலாம். பிறகு அதையே தாளில் எழுதச் செய்யலாம். அந்த முதியவர் கேட்ட கேள்விகளையும் தேர்வுத்தாளின் விடையையும் ஒரே பிள்ளை அறிந்திருக்கும் நாளில்தான், நாம் கணக்குக் கற்பித்தவர்களாவோம்.